சிவப்புப் பென்சில்

2005-ம் வருடத் தொடக்கம். பால் ராடமாக்கர் என்றொரு மனிதர் கலிஃபோர்னியாவில், சிலிக்கன் பள்ளத்தாக்குப் பக்கம் காரில் சுற்றிக்கொண்டிருந்தார். வீடு தேடும் படலம். ட்ரீம்வொர்க்ஸ் அனிமேஷன் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸில் டாக்டர் பட்டம் வாங்கியவர். அப்பேர்ப்பட்டவர் கையில் என்ன இருந்தது தெரியுமா? ஒரு கட்டுக் காகிதம். இண்டர்நெட்டில் பார்த்த ஒவ்வொரு வீட்டு விளம்பரத்துக்கும் ஒரு மேப் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார். ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு அடுத்த காகிதம். அங்கே போய்ப் பார்த்தால் அது முதல் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவாக இருக்கும். அல்லது ஊரின் மறுகோடியில் இருக்கும்.

இந்தக் காகிதமெல்லாம் ஒரே மேப்பில் புள்ளி புள்ளியாக இருந்தால் எப்படி இருக்கும்?

அவ்வளவுதான் யோசனை. கேட்டால் சப்பென்றுதான் இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் வீடு தேடுகிற பழக்கத்தையே இந்தச் சின்ன யோசனை மாற்றிப் போட்டது.

க்ரெய்க் நியூமார்க் என்பவர் 1995-ல் சான் பிரான்சிஸ்கோவில் நண்பர்களுக்கு அனுப்பிய மின்னஞ்சல் பட்டியலாகத் தொடங்கியதுதான் க்ரெய்க்ஸ்லிஸ்ட். பத்தே வருடத்தில் வீடு, வேலை, பழைய சோபா என்று சகலமும் கிடைக்கும் இடமாகிவிட்டது. ஆனால் பார்ப்பதற்கு ஒரு லட்சணமும் கிடையாது. வரிசையாக நீல எழுத்து. இரண்டு படுக்கையறை, இன்ன வாடகை, இன்ன ஊர். அந்த ஊருக்குள் எங்கே என்று நீங்கள்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

மேப் விஷயம் இன்னும் மோசம். அன்றைக்கு இருந்த இண்டர்நெட் மேப்களில் கொஞ்சம் வலப்பக்கம் போக வேண்டும் என்றால் அம்புக்குறியை அமுக்க வேண்டும். பக்கம் மொத்தமும் அழிந்து, புதிதாக வரும். அதற்குள் காபி குடித்துவிட்டு வந்துவிடலாம். இந்த வியாதிக்கு மருந்து கண்டுபிடித்தவர்கள் ஆஸ்திரேலியாவில், சிட்னியில் இருந்தார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த லார்ஸ், யென்ஸ் ராஸ்முசென் என்ற இரு சகோதரர்கள், நோயல் கார்டன், ஸ்டீபன் மா. ஆக மொத்தம் நாலு பேர். 'வேர் டூ டெக்னாலஜீஸ்' என்ற அவர்களுடைய கம்பெனியை 2004 அக்டோபரில் கூகிள் வாங்கியது. 2005 பிப்ரவரி 8-ம் தேதி கூகிள் மேப்ஸ் வந்தது. உலகத்தைச் சின்னச் சின்னச் சதுர ஓடுகளாக வெட்டிவைத்து, நீங்கள் மவுஸால் இழுக்க இழுக்க, தேவையான ஓடுகளை மட்டும் கொண்டுவந்து பதிக்கிற உத்தி. தரையில் டைல்ஸ் பதிப்பதுபோலத்தான். டைல் என்றே அதற்குப் பெயரும் வைத்தார்கள்.

இதில் ஒரு சங்கதி உண்டு. இந்த ஓடு பதிக்கிற வேலையைச் செய்யும் நிரல், கூகிளின் கம்ப்யூட்டரில் ஓடவில்லை. உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்து அங்கே ஓடியது. அதாவது, விஷயம் தெரிந்தவர் பிரித்துப் பார்த்துப் படிக்கலாம். ராடமாக்கர் படித்தார். ஓய்வு நேரத்தில் சில வாரங்கள் மல்லுக்கட்டினார். க்ரெய்க்ஸ்லிஸ்டிலிருந்து வீடுகளை எடுத்தார், கூகிள் மேப்பில் கொண்டுபோய்ச் சொருகினார். 2005 ஏப்ரலில் தம்முடைய படைப்பை வெளியே விட்டார். ஹவுசிங்மேப்ஸ் என்று பின்னாளில் பெயர்பெற்ற தளம் அதுதான். ஊரைத் தேர்ந்தெடுங்கள், வாடகை எவ்வளவு வரை கட்டுப்படியாகும் என்று சொல்லுங்கள். மேப்பில் ஊசி குத்தியதுபோல் வீடுகள் தெரியும். ஊசியைத் தொட்டால் விவரம் வரும்.

ஜனங்கள் மொய்த்துவிட்டார்கள்.

இத்தனைக்கும் இரண்டு கம்பெனிகளில் ஒன்றிடம்கூட அவர் அனுமதி கேட்கவில்லை. கூகிள் நினைத்திருந்தால் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கலாம். மாறாக, 2005 ஜூன் மாத இறுதியில், எங்கள் மேப்பை யார் வேண்டுமானாலும் தங்கள் தளத்தில் இப்படி இப்படிச் சொருகிக்கொள்ளலாம் என்று அதிகாரபூர்வமாகவே கதவைத் திறந்துவிட்டது. ராடமாக்கருக்கு வேலையும் கொடுத்தது. யாரோ திருட்டுச் சாவி போட்டுத் திறந்த கதவை, வீட்டுக்காரரே அகலத் திறந்துவைத்த மாதிரி. க்ரெய்க்ஸ்லிஸ்ட்டும் அவரை ஒன்றும் செய்யவில்லை. எல்லோரிடமும் அவர்கள் அப்படி இருந்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதே வேலையைச் செய்த பேட்மேப்பர் என்ற தளத்தின்மீது 2012-ல் வழக்குப் போட்டார்கள். அதே வருடம் தங்கள் தளத்திலேயே மேப்பும் வைத்துவிட்டார்கள்.

இதில் என்ன பெரிய புரட்சி என்று கேட்பீர்கள். வீடு வாங்குகிறவர் பக்கமிருந்து பார்த்தால்தான் புரியும். அமெரிக்காவில் எந்தெந்த வீடு விற்பனைக்கு இருக்கிறது என்ற தகவல் பல காலமாக ஏஜெண்டுகளின் பெட்டிக்குள் இருந்தது. அவர்கள் தங்களுக்குள் ஒரு கூட்டுப் பட்டியல் வைத்திருந்தார்கள். தடித்த புத்தகமாக அச்சிட்டு ஏஜெண்டுகளுக்கு மட்டும் சுற்றுக்கு விடுவார்கள். வாங்குகிறவர் அதைத் தொடக்கூட முடியாது. ஏஜெண்டு எந்தப் பக்கத்தைக் காட்டுகிறாரோ அதுதான் உங்களுக்கு விற்பனைக்கு இருக்கும் வீடு. எந்தத் தெருவுக்கு உங்களைக் காரில் அழைத்துப் போகிறாரோ அதுதான் உங்களுக்கு ஊர். இந்தக் கடைசி வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேலை இருக்கிறது.

சியாட்டிலில் ரெட்ஃபின் என்ற கம்பெனி, கூகிள் மேப்ஸ் வருவதற்கு முன்பே மேப்பில் வீடு காட்டத் தொடங்கியிருந்தது. அதே சியாட்டிலில் ரிச் பார்ட்டன், லாய்ட் ஃப்ரிங்க் என்று இருவர். மைக்ரோசாஃப்ட்டிலிருந்து வந்தவர்கள். பார்ட்டன் ஏற்கெனவே எக்ஸ்பீடியா என்ற பயணத் தளத்தைத் தொடங்கி, டிக்கெட் ஏஜெண்டுகளின் வயிற்றில் அடித்தவர். 2006 பிப்ரவரி 8-ம் தேதி இவர்கள் ஸில்லோவைத் திறந்தார்கள். விற்பனைக்கு இருக்கும் வீடு மட்டுமல்ல, 4 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குத் தாங்களே கணக்குப் போட்டு ஒரு விலையை மேப்பில் ஒட்டிவிட்டார்கள். உங்கள் வீடு, பக்கத்து வீடு, உங்கள் மேலதிகாரியின் வீடு. முதல் நாளே கூட்டம் தாங்காமல் தளம் படுத்துவிட்டது. வீடு வாங்க வந்த கூட்டமா அது? அடுத்தவன் வீடு என்ன விலை போகும் என்று பார்க்க வந்த கூட்டம்தான் பாதிக்குமேல் என்று சத்தியம் செய்வேன்.

(அந்த விலைக் கணக்கை நம்பி ஸில்லோ தானே வீடுகளை வாங்கி விற்கக் கிளம்பியது தனிக் கதை. 2021-ன் மூன்றாம் காலாண்டில் மட்டும் 30 கோடி டாலருக்கு மேல் கையிருப்பு மதிப்பைக் குறைத்து எழுத வேண்டி வந்து, நவம்பரில் கடையை மூடினார்கள்.)

சரி. மேப்பில் வீடு பார்ப்பது 2005-ல் பிறந்த சமாச்சாரம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அதற்கு எழுபது வருடம் முன்னாலேயே அமெரிக்க நகரங்களின் ஒவ்வொரு பேட்டையையும் வண்ணம் தீட்டி, இங்கே வீடு வாங்கலாம், இங்கே கூடாது என்று சொல்லும் மேப் இருந்தது. ஒரே வித்தியாசம், அது வீடு வாங்குகிறவர் பார்ப்பதற்காகப் போட்டதல்ல.

1933. பெரும் பொருளாதார மந்தம். கடன் கட்ட முடியாமல் தினமும் சுமார் ஆயிரம் வீடுகள் ஜப்தியாகிக்கொண்டிருந்தன. அதுவரை வீட்டுக்கடன் என்றால் ஐந்து வருடம் போலக் குறுகிய காலத்துக்குத்தான் கொடுப்பார்கள். பல கடன்களில் வட்டி மட்டும் கட்டிக்கொண்டு வந்து, கடைசியில் அசலை மொத்தமாகக் கொட்ட வேண்டும். அல்லது கடனைப் புதுப்பிக்க வேண்டும். வங்கியே திவாலாகிற காலத்தில் யார் புதுப்பிப்பார்கள்? ரூஸ்வெல்ட் அரசு வீட்டு உரிமையாளர் கடன் கழகம் என்று ஒன்றை அமைத்தது. மூழ்கும் கடன்களை அது வாங்கிக்கொண்டு, 5 சதவிகித வட்டியில், 15 வருடத் தவணையில் புதுக் கடனாக மாற்றிக் கொடுத்தது. அசலும் வட்டியும் சேர்ந்த மாதத் தவணை. சுமார் 10 லட்சம் குடும்பங்களின் கடன் இப்படி அதன் கைக்கு வந்தது. சும்மா சொல்லக்கூடாது, நல்ல காரியம்.

கடன் கொடுத்தாகிவிட்டது. ஈடாக வந்த வீடுகள் வருங்காலத்தில் என்ன பெறும்? கணக்குப் பார்க்க வேண்டாமா? 1935-லிருந்து 1940 வரை 200-க்கும் மேற்பட்ட நகரங்களை அளந்தார்கள். உள்ளூர் வீட்டு ஏஜெண்டுகள், மதிப்பீட்டாளர்கள், வங்கிக்காரர்களைக் கேட்டுக் கேட்டுப் படிவம் நிரப்பினார்கள். பிறகு மேப்பில் வண்ணம். பச்சை என்றால் மிகச் சிறப்பு. நீலம், இன்னும் பரவாயில்லை. மஞ்சள், நிச்சயமாகச் சரிந்துகொண்டிருக்கிறது. சிவப்பு, அபாயம்.

இந்த மேப்களுக்கு அவர்கள் வைத்த பெயரில் 'செக்யூரிட்டி' என்ற சொல் வரும். ஏதோ திருட்டு பயம், போலீஸ் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது என்று படிக்கிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். பி.காம். படித்தவனுக்கு அந்தக் குழப்பம் வராது. செக்யூரிட்டி என்றால் ஈடு. அந்தத் தெருவில் குடியிருப்பவன் பத்திரமாக இருப்பானா என்பதல்ல கேள்வி. அவனுக்குக் கொடுக்கும் பணம் பத்திரமாகத் திரும்புமா என்பதுதான் கேள்வி.

அதுகூடத் தப்பில்லை. கடன் கொடுப்பவன் கேட்கத்தான் செய்வான். அதற்காக என்னென்ன கேட்டார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வீடுகளின் வயது, கட்டுமானம், வாடகை, சரிவான நிலமா, வெள்ளம் வருமா. கூடவே, வெளிநாட்டில் பிறந்த குடும்பங்கள் எத்தனை சதவிகிதம், எந்த நாடு? நீக்ரோக்கள் உண்டா இல்லையா? உண்டென்றால் எத்தனை சதவிகிதம்? யாராவது 'ஊடுருவி'க்கொண்டிருக்கிறார்களா? படிவத்திலேயே அச்சிட்ட கேள்விகள் இவை. ஊடுருவல் என்ற சொல் உட்பட. எல்லைப்புறத்தில் ராணுவம் பேசுகிற பாஷை.

செயின்ட் லூயிஸ் நகரத்தை ஒட்டி லிங்கன் டெரஸ் என்றொரு சின்னக் குடியிருப்பு. கட்டிப் பத்துப் பன்னிரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. நல்ல தரமான தனி வீடுகள். நடுத்தர வர்க்கத்துக் கறுப்பினக் குடும்பங்கள் வாங்கிக் குடியேறியிருந்தன. அதற்கும் கடைசித் தரம், சிவப்பு. காரணமாக எழுதி வைத்தது வீட்டை அல்ல, வீட்டுக்காரர்களின் நிறத்தை.

இதன் பலன் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கடன் கிடைக்காத தெருவில் வீடு விற்காது. விற்காத வீட்டுக்கு விலை கிடையாது. விலையில்லாத வீட்டுக்கு யார் கூரை மாற்றுவார்கள்? ஐந்தாறு வருடத்தில் அந்தத் தெரு நிஜமாகவே பாழாகும். அடுத்த முறை மதிப்பிட வருகிறவர், பார்த்தீர்களா, அன்றைக்கே சிவப்பு என்று சொன்னோமே என்பார்.

இந்த இடத்தில் சரித்திர ஆசிரியர்களுக்குள் ஒரு சண்டை உண்டு. இந்த மேப்களை ஆவணக் காப்பகத்திலிருந்து தோண்டியெடுத்து, 1985-ல் வெளியான தம் புத்தகத்தின் வழியாகப் பிரபலப்படுத்தியவர் கென்னத் ஜாக்சன். எல்லாக் கேட்டுக்கும் இந்தக் கழகத்தின் மேப்தான் மூலம் என்ற எண்ணம் அதன்பிறகு பரவியது. பின்னால் வந்தவர்கள், மேப் வரைவதற்கு முன்பே கழகம் பெரும்பாலான கடன்களைக் கொடுத்து முடித்துவிட்டது, அதில் கறுப்பினக் குடும்பங்களும் உண்டு, மேப்கள் ரகசியமாகவே இருந்தன, எத்தனை வங்கிக்காரர் கண்ணால் பார்த்தார்கள் என்பதே சந்தேகம் என்றார்கள். நிஜமான வில்லன் 1934-ல் வந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் என்பது இவர்கள் கட்சி. வங்கிகள் தரும் வீட்டுக்கடனுக்குக் காப்பீடு கொடுக்கும் அமைப்பு அது. அதற்குத் தனி விதிப்புத்தகம், தனி மேப். வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கமாட்டோம் என்று பத்திரத்திலேயே ஷரத்து எழுதுவதை அந்த விதிப்புத்தகம் சிபாரிசே செய்தது. எனக்கு இரண்டாம் கட்சிக்காரர்கள் சொல்வதில்தான் பசை அதிகம் இருப்பதாகப் படுகிறது. கழகத்தின் மேப் நோயை உண்டாக்கியது என்பதைவிட, ஊரிலிருந்த நோயை எக்ஸ்ரே எடுத்து வைத்தது என்று சொல்லலாம்.

1960-களில் ஆட்சேபக் குரல் வலுத்தது. சிகாகோவில்தான் இந்த வழக்கத்துக்கு 'ரெட்லைனிங்' என்று பெயர் வந்தது. சிவப்புக் கோடு போடுதல். 1968 ஏப்ரல் 4-ம் தேதி மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அதுவரை இழுத்தடித்த நாடாளுமன்றம் அவசர அவசரமாக வீட்டுவசதிச் சமத்துவச் சட்டத்தை நிறைவேற்றி, 11-ம் தேதி ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்டார். இன்னாருக்கு வீடு தரமாட்டேன் என்று சொல்லக்கூடாது. அதைவிட நுட்பமாக இன்னொன்றும் அந்தச் சட்டத்தின்கீழ் குற்றமானது. வந்தவரின் நிறத்தைப் பார்த்து, இவரை இந்தப் பேட்டைக்கு, அவரை அந்தப் பேட்டைக்கு என்று ஏஜெண்டு காரைத் திருப்பக்கூடாது. ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்த வரி.

அதனால்தான் அமெரிக்காவில் வீட்டு ஏஜெண்டிடம், இந்த ஏரியா எப்படி, நல்ல ஜனங்கள்தானா என்று கேட்டால் நழுவுவார். வாயைத் திறந்தால் வம்பு. ஆனாலும் பழக்கம் விடுமா? லாங் ஐலண்டில் 'நியூஸ்டே' பத்திரிகை மூன்று வருடம் ஆட்களை மாறுவேடமாக அனுப்பிச் சோதித்து 2019-ல் வெளியிட்டது. வெள்ளையரோடு ஜோடியாக அனுப்பப்பட்ட கறுப்பினத்தவருக்கு 49 சதவிகிதச் சோதனைகளில் வேறு மாதிரி உபசாரம் நடந்திருந்தது.

இங்கேதான் இண்டர்நெட் மேப் மறுபடி உள்ளே வருகிறது. ஏஜெண்டு இல்லாமல், நிறம் பார்க்காமல், எல்லா வீட்டையும் எல்லோருக்கும் காட்டுகிற மேப். ராடமாக்கரின் ஊசிக்கு முன்னால் எல்லோரும் ஒன்று. 1935-ல் நடந்ததற்கு இதைவிடப் பரிகாரம் உண்டா?

ஊசியோடு நிறுத்தியிருந்தால் உண்மைதான். நிறுத்தவில்லை. வீடு எங்கே என்று தெரிந்ததும் அடுத்த கேள்வி, பேட்டை எப்படி? 2005 மே மாதம் ஏட்ரியன் ஹோலோவாட்டி என்ற பத்திரிகைத் துறைப் புரோகிராமர், சிகாகோ போலீஸ் வெளியிடும் குற்றப் பதிவுகளை எடுத்துக் கூகிள் மேப்பில் தெருவாரியாகப் போட்டார். நல்ல நோக்கம், பாராட்டும் விருதும் கிடைத்தன. 2007-ல் தெருவையே படமெடுத்துக் காட்டும் ஸ்ட்ரீட் வியூ. அதே வருடம் வாக் ஸ்கோர். கடைக்கும் பூங்காவுக்கும் நடந்தே போக முடியுமா என்று வீட்டுக்கு நூற்றுக்கு இத்தனை மார்க் போடும் தளம். எனக்குப் பிடித்தது அதுதான். 2011-ல் ட்ரூலியா என்ற வீட்டுத் தளம் வண்ணம் தீட்டிய குற்ற மேப்பை வீட்டு விளம்பரத்தோடு சேர்த்தது.

மறுபடி பேட்டைக்குப் பேட்டை வண்ணம். படிவத்தில் ஜாதி கிடையாது, நிறம் கிடையாது. வெறும் போலீஸ் கணக்கு. ஆனால் அந்தக் கணக்கு எப்படி வருகிறது? வன்முறைக் குற்றங்களில் பாதிகூட அங்கே போலீஸுக்குப் போவதில்லை. யார் புகார் கொடுக்கிறார்கள், எந்தத் தெருவில் ரோந்து அதிகம் என்பதைப் பொறுத்துப் புள்ளிகள் கூடும், குறையும். பல வருடம் கடன் மறுக்கப்பட்ட தெருவில் எந்த வண்ணம் விழும் என்று சொல்ல ஜோசியர் தேவையில்லை.

2021 டிசம்பரில் ரெட்ஃபின், இனி நாங்கள் குற்றக் கணக்கைக் காட்டப்போவதில்லை என்று அறிவித்தது. இன்னொரு பெரிய தளமான ரியல்டர் டாட் காம் ஏற்கெனவே காட்டிக்கொண்டிருந்ததை எடுத்தது. ட்ரூலியாவும் கைவிட்டது. வீடு வாங்குகிறவர்களில் பலருக்குக் கோபம். என் பிள்ளை நடந்து போகும் தெரு, எனக்குத் தெரிய வேண்டாமா? நியாயமான கேள்வி. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ரெட்ஃபின்னைத் தூக்கிவைத்துக் கொண்டாடுவதற்குமுன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இன்ன விலைக்குக் கீழே உள்ள வீடுகளுக்குச் சேவை கிடையாது என்ற அதன் கொள்கையால் கறுப்பினப் பேட்டைகள் ஒதுக்கப்படுகின்றன என்று 2020-ல் வழக்கு வந்தது. 2022-ல் 40 லட்சம் டாலருக்குச் சமரசமாகப் போனார்கள்.

ஆனால் இந்தக் கதையிலேயே என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது 2019 மார்ச்சில் நடந்த ஒன்று. அமெரிக்க வீட்டுவசதித் துறை ஃபேஸ்புக்மீது குற்றப்பத்திரிகை கொடுத்தது. வீட்டு விளம்பரம் கொடுப்பவர்கள், யார் கண்ணில் அது படக்கூடாது என்று தேர்ந்தெடுக்க ஃபேஸ்புக் வசதி செய்து கொடுத்திருந்தது. அதில் ஒரு வசதி, மேப். எந்தப் பேட்டைக்காரர்களுக்கு வேண்டாமோ, அந்தப் பேட்டையை மேப்பில் வளைத்து விலக்கிவிடலாம். வளைத்தால் அதைச் சுற்றி ஒரு கோடு விழும். அந்தக் கோட்டின் நிறத்தையும் குற்றப்பத்திரிகை குறிப்பிடுகிறது.

சிவப்பு.

அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்த புரோகிராமர் 1935 பற்றிக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார் என்று நினைக்கிறேன். 2022 ஜூனில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. விளம்பரக் கருவி ஒன்றைக் கைவிடவும், விளம்பரம் போய்ச்சேரும் முறையைத் திருத்தவும் கம்பெனி ஒப்புக்கொண்டது. அபராதம் 1,15,054 டாலர். ஏதோ சலுகை காட்டிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். சட்டம் அனுமதிக்கும் அதிகபட்சமே அவ்வளவுதான்.

பழைய சிவப்பு மேப்கள் என்ன ஆயின? 2016-ல் ரிச்மண்ட் பல்கலைக்கழகமும் வேறு சில பல்கலைக்கழகங்களும் சேர்ந்து அவற்றை இண்டர்நெட்டில் ஏற்றிவிட்டன. இன்றைய நகரத்தின்மேல் கண்ணாடித்தாள் போல அந்த வண்ணங்களைப் போர்த்திப் பார்க்கலாம். பேட்டையைத் தொட்டால் அன்றைக்கு எழுதிய படிவம் வரும். வீடு தேடுகிற மேப் மாதிரியேதான் இயங்குகிறது. 2018-ல் ஒரு கணக்கெடுப்பில், அன்று சிவப்பான பேட்டைகளில் நான்கில் மூன்று இன்றும் குறைந்த, நடுத்தர வருமானப் பேட்டைகளே என்று தெரிந்தது. 2020-ல் 108 நகரங்களில் கோடைகால வெப்பத்தை ஆராய்ந்தார்கள். சிவப்புப் பேட்டைகள் மற்றவற்றைவிடச் சராசரியாக 2.6 டிகிரி செல்சியஸ் அதிகச் சூடு. மரம் குறைவு, கான்க்ரீட் அதிகம்.

டெட்ராய்ட்டில் எட்டாவது மைல் சாலைப் பக்கம் ஒரு சுவர் இருக்கிறது. 1941-ல் ஒரு கட்டுமானக்காரர், வெள்ளையருக்கு வீடு கட்டி விற்க நினைத்தார். பக்கத்திலேயே கறுப்பினக் குடியிருப்பு இருக்கிறது, காப்பீடு தரமுடியாது என்று கைவிரித்துவிட்டது வீட்டுவசதி நிர்வாகம். அவர் நடுவில் ஆறடி உயரத்துக்கு, சுமார் அரை மைல் நீளத்துக்கு ஒரு சுவர் எழுப்பினார். மேப்பில் இருந்த கோடு கான்க்ரீட்டில் நின்றதும் காப்பீடு கிடைத்துவிட்டது. பிற்காலத்தில் வெள்ளையர் காலி செய்து போக, சுவரின் இரண்டு பக்கமும் கறுப்பினக் குடும்பங்களே குடியேறின. சுவரை யாரும் இடிக்கவில்லை. ஓரிடத்தில் அதையொட்டி விளையாட்டு மைதானம். அந்தப் பகுதிச் சுவரில் 2006-ல் அக்கம்பக்கத்தாரும் ஓவியர்களும் சேர்ந்து படம் வரைந்தார்கள். மற்ற இடங்களில் வீடுகளின் கொல்லைப்புறத்தோடு, வெறும் சாம்பல் நிறச் சுவராகப் போய்க்கொண்டிருக்கிறது.